எம்-1 பாடத்தை மாற்றியமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்தபடி என் மேசைக்கு வந்தார். பொறியியல் முதல் செமஸ்டர் கணிதமான எம்-1 பாடம் நடத்தும் முறையை அவர் மாற்றிய பிறகு தேர்ச்சி எப்படி ஏறியது என்று காட்டும் வரைபடம் திரையில் இருந்தது. முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “முதல் நாள் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?” அவருக்குத் தெரியவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்தத் தாளுக்குப் பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் பெயர் மாறும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அது ‘அணிகளும் நுண்கணிதமும்’. மாணவர்கள் வாயில் என்றைக்கும் எம்-1 தான். வாரத்துக்கு மூன்று விரிவுரை, ஒரு டுட்டோரியல், மொத்தம் ஐந்து அலகுகள். எத்தனையோ பேருக்கு வாழ்க்கையின் முதல் அரியர் இந்தத் தாளில்தான் விழுகிறது. அதைக் குறைக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் ஓர் இளைய ஆசிரியராவது புறப்படுகிறார். பாடத்தைத் தயாரிக்காமல் வகுப்புக்குப் போவது, விடைத்தாளைத் தாமதமாகத் தருவது போன்றவற்றை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உழைக்கிறவர்கள், நல்ல எண்ணத்தோடு, செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன்.

பகுதியை மறப்பது

பின்னம் என்றால் மேலே தொகுதி, கீழே பகுதி என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். தேர்ச்சி விழுக்காடும் ஒரு பின்னம்தான். ஆனால் எல்லோரும் தொகுதியையே பார்க்கிறோம். பகுதியில் யார் இருக்கிறார்கள், யார் அங்கிருந்து காணாமல் போனார்கள் என்று கேட்பதில்லை.

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்று செய்தி வந்தபோது தமிழ்நாடே பதறியது. மே மாதம் முடிவு வந்தது, தேர்ச்சி 94.03 விழுக்காடு. அது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. கல்லூரியிலும் இதே வழக்கம்தான். அறுபது பேர் சேர்ந்த வகுப்பில் ஐம்பது பேர் எழுதி நாற்பது பேர் தேறினால், அறிக்கையில் 80 விழுக்காடு என்று ஏறும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 67 கூட வராது. இரண்டு எண்களுக்கும் நடுவே பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நான் முதன்முதலாக எம்-1 பாடத்தை மாற்றியமைத்தபோது வாரத் தேர்வைக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை முதல் மணி நேரத்தில் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு. அன்று மாலையே மதிப்பெண் வரிசைப்படி பட்டியல் வகுப்புக் கதவில் ஒட்டப்படும். அடிக்கடி சோதித்தால் மாணவர்கள் அடிக்கடி படிப்பார்கள் என்பது என் எண்ணம். எண்ணம் முழுக்கத் தவறில்லை. நடுவில் இருந்தவர்கள் உண்மையாகவே முன்னேறினார்கள். செமஸ்டர் முடிவு வந்தபோது எங்கள் தேர்ச்சி முந்தைய ஆண்டைவிட நன்றாக உயர்ந்திருந்தது. துறைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். மற்றப் பிரிவுகளுக்கும் அதே முறை பரவியது.

அடுத்த ஆண்டு ஜூனியர் வகுப்பில் எம்-1 எடுக்கப் போனேன். கடைசி வரிசையில் தெரிந்த முகம் ஒன்று. முந்தைய ஆண்டு என் வகுப்பில் இருந்த பையன். 75 விழுக்காடு வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாமல் போய், அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வந்திருந்தான். எங்கள் விதியில் மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை தளர்வு உண்டு. அவனிடம் அதுவும் இல்லை. வகுப்பு முடிந்ததும் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: “கதவில் கடைசிப் பெயராக இருப்பதைவிட வராமல் இருப்பது மேல் என்று தோன்றியது, சார். முதலில் திங்கட்கிழமை மட்டும்தான் வராமல் இருந்தேன்.”

அன்று இரவு வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். என் பிரிவில் மட்டும் ஏழு பேர். ஏழு பேருக்கும் முதலில் திங்கட்கிழமைகள் விடுபட்டிருந்தன, பிறகு செவ்வாய், பிறகு வாரக்கணக்கில். ஒருவர் கூட என் தேர்ச்சிக் கணக்கில் தோல்வியாகப் பதியவில்லை. தேர்வே எழுதாதவர் எப்படித் தோற்பார்? நான் கொண்டுவந்த மாற்றம் ஏழு பேரை வகுப்பை விட்டு வெளியே தள்ளியது. தள்ளியதாலேயே என் விழுக்காடு ஏறியது. அந்த எண்ணுக்குத்தான் கைதட்டு வாங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே வரைபடத்தை அதே மகிழ்ச்சியோடு காட்டும்போது எரிச்சல் இன்னும் கூடுகிறது. ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டு போய்விட்டது. அதைத் திருப்பித் தர என்னிடம் எந்தப் பாடத்திட்டமும் இல்லை.

அதனால் இப்போது சேர்க்கை முடிந்த அன்றே பெயர்ப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டியல் பிறகு மாறக் கூடாது. சேர்ந்தவர், தேர்வு எழுதத் தகுதி பெற்றவர், எழுதியவர், முதல் முயற்சியில் தேறியவர், அடுத்த செமஸ்டர் கணிதத்திலும் தேறியவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். எந்த மாற்றத்தையும் முதல் கட்டத்தின் எண்ணால் வகுத்துத்தான் மதிப்பிட வேண்டும். பழைய அரியரை எழுதித் தேறியவர்களைப் புதிய வகுப்பின் தேர்ச்சியோடு சேர்க்கவும் கூடாது. கடைசிக் கட்டம் மிக முக்கியம். எம்-1 தேர்ச்சி உயர்ந்து, இரண்டாம் செமஸ்டர் கணிதத்தில் அதே பிள்ளைகள் விழுந்தால், நாம் வினாத்தாளைக் கடக்க மட்டுமே பழக்கியிருக்கிறோம்.

வாரத் தேர்வை நான் கைவிடவில்லை. கதவுப் பட்டியலைக் கைவிட்டேன். திங்கட்கிழமை முதல் மணியிலிருந்து அதை டுட்டோரியல் மணிக்கு மாற்றினேன். தவறு செய்த கணக்கைத் திருத்தி எழுதித் தந்தால் பாதி மதிப்பெண் திரும்பக் கிடைக்கும் என்று வைத்தேன். யார் இரண்டு முறை தொடர்ந்து வரவில்லையோ அவருக்கு அன்றே தொலைபேசியில் பேசுகிறோம். பெற்றோருக்கு அல்ல, மாணவருக்கு.

பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் நம்புவது

கட்-ஆஃப் 200க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பாதி எடை கணிதத்துக்கு. ஆகவே அந்த எண்ணைப் பார்த்தாலே மாணவரின் கணிதம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். 2021இல் பிளஸ் டூ பொதுத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டி மதிப்பெண் தந்தார்கள். அந்த ஆண்டு மாணவர்களின் கட்-ஆஃபை வைத்துப் பிரிவு பிரித்தவர்கள் முதல் செமஸ்டர் முடிவதற்குள் திணறினார்கள்.

நாமே ஒரு நுழைநிலைத் தேர்வு வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பரபோலா’ என்று கேட்ட வினாவைத் தொடாமல் விட்ட பெண்ணிடம் பரவளையத்தை வரையச் சொன்னேன். முனை, குவியம், இயக்குவரை எல்லாவற்றையும் குறித்து அழகாக வரைந்து தந்தாள். தமிழ்வழியில் படித்தவள். அணிக்கோவை, தொகையிடல், சார்பு எல்லாம் அவளுக்குத் தெரியும். நாம் வைத்திருக்கும் பெயர்கள்தான் தெரியாது. இதைக் கணிதக் குறைபாடு என்று பதிவு செய்தால் மருந்தே மாறிவிடும். எங்கள் தரவுத்தாளில் இப்போது பயிற்றுமொழிக்கு ஒரு கட்டம் உண்டு. முதல் வாரமே இரண்டு பக்கக் கலைச்சொல் பட்டியல் எல்லோர் கையிலும் போய்விடும்.

‘மெல்லக் கற்போர்’ பட்டியல்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு கேட்கிறது என்று, பின்தங்கியவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறோம். கோப்பில் இருக்கட்டும். அவர்களைத் தனிப் பிரிவாக்கி, பின்னங்களிலிருந்து தொடங்கி, மற்றவர்கள் மூன்றாம் அலகுக்குப் போகும்போது இவர்களை முதல் அலகில் நிறுத்திவைப்பதுதான் கேடு. அந்த இடைவெளி செமஸ்டர் முடியும்வரை அடைபடாது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் 2013இல் இதை முறையாகச் சோதித்தார்கள். தொடக்க இயற்கணிதத்தில் பின்தங்கியவர்கள் என்று மதிப்பிடப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். அடிப்படை இயற்கணித வகுப்பில் மட்டும் உட்கார்ந்தவர்களில் 39 விழுக்காட்டினர் தேறினார்கள். அதே வகுப்போடு பயிலரங்கும் சேர்ந்தபோது 45. அடிப்படை வகுப்பே இல்லாமல் நேராகக் கல்லூரித் தரப் புள்ளியியலில் சேர்த்து, பக்கத்திலேயே வாராந்தரப் பயிலரங்கும் தந்தபோது 56. நம் ஊர்ப் பாடம் வேறு, பிள்ளைகள் வேறு. எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் உதவியைப் பாடத்துக்கு முன்னால் வைக்காமல் பாடத்தோடு வைப்பது என்ற ஏற்பாடு நமக்கும் பொருந்துகிறது. ஐகன் மதிப்பு நடத்துகிற வாரத்தில்தான் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கவும் எதிர்க்குறியைக் கவனிக்கவும் பயிற்சி தரவேண்டும். ஆகஸ்டில் தந்தால் அக்டோபரில் நினைவிருக்காது.

மாலை நான்கரை மணிச் சிறப்பு வகுப்பு

கல்லூரிப் பேருந்து நான்கரைக்குப் புறப்பட்டுவிடும்.

காரணத்தை ஆசிரியர் அறையிலேயே முடிவு செய்வது

‘ஆர்வமில்லை, அடித்தளமில்லை, வீட்டில் ஊக்கமில்லை.’ இதே பட்டியலை 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர்கள் சொன்னார்கள். நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் அது. அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன் அதை நம்பிவிடவில்லை. மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று அவர்களோடு இருந்தே பார்த்தார். ஆசிரியர்களின் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். கறுப்பின மாணவர்களோ உழைத்தார்கள், ஆனால் தனியே. பிறகு அவர் நடத்திய பயிலரங்குகளில் எளிய கணக்குகளைத் தரவில்லை, கடினமானவற்றைத் தந்தார். கூடிப் போடச் சொன்னார்.

இதைப் படித்த பிறகுதான் விடுதிக்கு ஓர் இரவு போனேன். நம் பிள்ளைகள் கூடித்தான் படிக்கிறார்கள். ஆனால் தீர்த்துவைத்த வினா விடைத் தொகுப்பு ஒன்றை நடுவில் வைத்து, எல்லோரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தரவுத்தாளிலும் இது வராது.

காணொளி

பதிவேற்றினால் மட்டும் பாடம் மாறிவிடாது. எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்று பாருங்கள்.

கேள்விவாரி மதிப்பெண்ணைக் கோப்பில் புதைப்பது

நம்மிடம் தரவு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தொழில்நுட்பப் படிப்புகளுக்கு என்.பி.ஏ. வாரியம் தரும் அங்கீகாரத்துக்காக ஒவ்வொரு அகமதிப்பீட்டுத் தேர்விலும் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு வினாவிலும் என்ன வாங்கினார் என்று எக்செலில் ஏற்றுகிறோம். அதற்கு எத்தனை இரவுகள் போகின்றன! அடைவு விழுக்காட்டைக் கணக்கிட்டு, கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துவிடுகிறோம்.

ஒரு முறை அதைத் திறந்து பார்த்தேன். இரட்டைத் தொகையீட்டில் வரிசை மாற்றும் கணக்கில் வகுப்பே இரண்டு, மூன்று மதிப்பெண்ணில் நின்றிருந்தது. தொகையிடத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தால், தொகையிடும் இடத்துக்கு அவர்கள் வரவே இல்லை. இரண்டு பரவளையங்களுக்கு நடுவே உள்ள பரப்பைப் படமாக வரைய முடியவில்லை. வரையாமல் எல்லைகளை மாற்ற முடியாது. ஒரு டுட்டோரியல் முழுக்கப் படம் மட்டும் வரைந்தோம், ஒரு தொகையீடு கூடப் போடவில்லை. அடுத்த தேர்வில் அந்த வினாவைத் தொட்டவர்களும் கூடினார்கள், மதிப்பெண்ணும் கூடியது. அதற்கு எந்தப் புதிய மென்பொருளும் தேவைப்படவில்லை.

ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் மாற்றுவது

எது வேலை செய்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மாற்றுங்கள், ஒரு பிரிவையாவது பழையபடி விட்டுவையுங்கள்.

டிப்ளமோ முடித்து வருபவர்கள்

இவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்கள். எம்-1 எழுதுவதில்லை, ஆகவே நம் முதலாண்டுப் பட்டியலில் இவர்கள் பெயரே கிடையாது. பாலிடெக்னிக்கில் முதலாண்டோடு கணிதத்தை முடித்தவர்கள், மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடரோடு வந்து மோதுகிறார்கள். பகுதித் தொகையிடல் கைவராமல் அதில் ஓரடி கூட நகர முடியாது. நானே ஐந்தாறு ஆண்டுகள் இவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. இப்போது மூன்றாம் செமஸ்டரின் முதல் வாரத்தில் இவர்களுக்காக இரண்டாவது பட்டியல் ஒன்றை அச்செடுக்கிறேன், அதே ஐந்து கட்டங்களோடு. அந்த இளைய உதவிப் பேராசிரியர்தான் இந்த ஆண்டு அதை வைத்திருக்கிறார். முதல் கட்டத்தில் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன.