தூர்ந்த கிளையாற்றை மீண்டும் ஓடவைக்கும் முறை: டான்யூப் ஆற்றிலிருந்து ஒரு வழிகாட்டி

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கும் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கும் இடையே டான்யூப் ஆறு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவுக்கு அணை ஏதுமின்றி ஓடுகிறது. பல கிளைகளாகப் பிரிந்து கூடிய அந்த ஆற்றை 19ஆம் நூற்றாண்டில் கப்பல் போக்குவரத்துக்காக ஒரே தடத்தில் அடக்கி, கரைகளில் கருங்கல் அடுக்கினார்கள். ஆற்றிலிருந்து கிளைகளுக்குள் நீர் புகும் இடங்களான வாய்த்தலைகள் அடைபட்டு, காலப்போக்கில் அவை தேங்கிய குட்டைகளாயின. 1984 டிசம்பரில் ஹைன்பர்க் அருகே நீர்மின் நிலையம் கட்ட மரங்களை வெட்ட முனைந்தபோது, பொதுமக்கள் கடுங்குளிரில் காட்டுக்குள்ளேயே முகாமிட்டு அதைத் தடுத்தார்கள். 1996இல் அப்பகுதி தேசியப் பூங்காவானது. அதன்பின் அங்கே கிளைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவரும் பணியின் அனுபவத்தை ஒட்டியதே இந்த வழிகாட்டி.

எந்தக் கிளையைத் திறப்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். பழைய நில அளவை வரைபடங்களில் கிளையின் போக்கைக் கண்டறிந்து, அதன் அடிமட்டத்தை இப்போதைய ஆற்றின் நீர்மட்டப் பதிவுகளோடு ஒப்பிட்டால், ஆண்டில் எத்தனை நாள் அதில் நீர் ஓடும் என்று கணக்கிட்டுவிடலாம். திட்டத்தின் பயனைத் தீர்மானிப்பது இந்த நாள் கணக்குதான். வெள்ளத்தில் மட்டும் நீர் புகும்படி வாய்த்தலையை உயரமாக வைத்துவிட்டால், கலங்கிய வெள்ளநீர் உள்ளே வந்து வேகம் குறைந்து, தான் கொண்டுவந்த வண்டலை அங்கேயே படியவிட்டுவிடும்; அதை அரித்துச் செல்லும் ஓட்டம் மற்ற நாட்களில் இருக்காது. அரைகுறையாகத் திறந்த கிளை, திறக்காத கிளையைவிட விரைவாகத் தூர்ந்துபோகக்கூடும் என்பதால், இயன்ற இடத்தில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் அளவுக்கு வாய்த்தலையைத் தாழ்த்துவதே நல்லது. பாட் டாய்ச்-ஆல்டன்பர்க் அருகே 2012 முதல் 2014 வரை நடந்த முன்னோடித் திட்டத்தில் யோலர் கிளை இந்த நோக்கத்தோடுதான் திறக்கப்பட்டது.

வாய்த்தலையின் இடத்தைத் தேர்வதில் அவசரம் கூடாது. வளைவில் ஆறு தன் அடியில் உருட்டிவரும் கூழாங்கற்களை உட்கரைப் பக்கமாகவே ஒதுக்கும். அங்கே வாய் வைத்தால் சில வெள்ளங்களிலேயே கல்மேடு அதை மூடிவிடும். வெளிக்கரை பெரும்பாலும் பாதுகாப்பானது, ஆனால் அங்கே அரிப்பு மிகுதி என்பதால் வாயின் அடியில் பருங்கற்களாலான படி ஒன்றைப் பதித்து, அது தானாக ஆழமாகிக்கொண்டே போகாமல் கட்டுப்படுத்த வேண்டும். கிளைக்குள் போகும் நீரின் அளவுக்கும் வரம்பு தேவை. சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 1,900 கனமீட்டர் ஓடும் இந்த ஆற்றிலும், கோடைக்குப் பின் நீர் குறையும் நாட்களில் கிளை அதிகமாக இழுத்துக்கொண்டால், பிரியும் இடத்துக்குக் கீழே மணல்மேடு எழுந்து கப்பல்கள் தரைதட்டும். எனவே ஆற்றுவழித் துறையின் ஒப்புதல் இல்லாமல் படியின் உயரத்தை முடிவுசெய்ய இயலாது.

அடுத்த தடை உள்ளே இருக்கும் குறுக்கணைகள். மேலே பாதை செல்லும் இந்தக் கல்மண் கட்டுகளில் குழாய் மட்டும் பதித்தால் மிதந்துவரும் மரக்கிளைகள் அதை அடைத்துவிடும். குறுக்கணையையே அகலமாக வெட்டி, பாதைக்குப் பாலம் போடுவதே சரி. இதற்குச் செலவு கூடும் என்றாலும் சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் இதுவன்று. மாறாக, தோண்டுவதில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம்: கிளை முழுவதையும் தூர்வாராமல், நடுவில் ஓர் ஒடுக்கமான வழித்தடத்தை மட்டும் வெட்டிவிட்டால், மீதியை வெள்ளமே அகலப்படுத்தும். விழுந்து கிடக்கும் மரங்களை அகற்ற வேண்டாம். அவற்றின் பின்னால் உண்டாகும் பள்ளங்களில் மீன்குஞ்சுகள் ஒதுங்கும்.

ஊரையும் வெள்ளத்தடுப்புக் கரையையும் காக்காத இடங்களில் கரைக்கற்களையும் எடுத்துவிடலாம். ஹைன்பர்க் எதிரே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் கரையில் கற்கள் அகற்றப்பட்டன. அரிக்கப்பட்ட செங்குத்தான கரையில் மீன்கொத்தி வளை தோண்டும்; கூழாங்கல் திட்டில், நம் ஆற்றுமணலிலும் காணக்கூடிய அதே பட்டாணி உப்புக்கொத்தி முட்டையிடும்; ஈர வண்டலில் வில்லோ, கரும்பாப்லர் விதைகள் முளைக்கும். இவற்றை யாரும் நட வேண்டியதில்லை.

பணிக்காலம் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். ஆல்ப்ஸ் பனி உருகிக் கோடைத் தொடக்கத்தில் நீர் பெருகுவதால் அப்போது எந்திரம் இறக்க முடியாது. வெண்வால் கழுகு குளிர்காலத்திலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும் என்பதால், கூடு உள்ள பகுதியில் ஆண்டு முடிவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

மேற்புறத்து அணைகள் கூழாங்கற்களைத் தடுத்துவிடுவதால், வியன்னாவுக்குக் கீழே ஆற்றின் அடிமட்டம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இறங்கி வந்துள்ளது. இன்று பதிக்கும் படி, இதே வேகத்தில் போனால் 20 ஆண்டுகளில் ஆற்றுக்கு 40 சென்டிமீட்டர் மேலே நின்றுபோகும். அதனால்தான் வியன்னாவிலுள்ள ஃப்ராய்டனாவ் நீர்மின் நிலையத்துக்குக் கீழே ஆண்டுதோறும் கூழாங்கற்களைக் கொட்டுகிறார்கள். கிளையில் தோண்டியெடுக்கும் கூழாங்கற்களையும் விற்றுவிடாமல் ஆற்றுக்கே திருப்பித் தர வேண்டும்.

எல்லாக் கிளைகளையும் திறக்கக் கூடாது. ஆஸ்திரியாவில் அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1992இல் இப்பகுதியின் ஓர்த் என்ற ஊருக்கு அருகே மீண்டும் கண்டறியப்பட்ட ஐரோப்பியச் சேற்றுமீன், செடிகொடி அடர்ந்த தேங்குநீரில்தான் வாழும். ஓட்டம் வந்தால் அதன் இடம் போய்விடும். பழைய குட்டைகளில் மீன், தவளை, ஆமைக் கணக்கெடுப்பை முடித்த பிறகே வரைபடத்தில் கோடு போட வேண்டும்.

திறந்தபின் ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் வாய்த்தலையின் குறுக்குவெட்டை ஒரே இடங்களில் அளந்து வாருங்கள். படிக்கு மேல் கூழாங்கல் சேர்ந்தால் அடுத்த வெள்ளம் வரை பொறுத்துப் பார்க்கலாம். வண்டல் சேர்ந்து அதில் செடி முளைக்கத் தொடங்கினால் வாய் உயரமாக இருக்கிறது என்று பொருள், அதைத் தாழ்த்த வேண்டும்.