காலை வாரினால் சிரிப்பார்கள்: ஆங்கில மரபுத்தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில மரபுத்தொடர்களைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் புரியாத தொடர்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். அவற்றால் பெரிய கேடு ஒன்றும் வருவதில்லை. புரியாவிட்டால் அகராதியைப் பார்ப்போம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். 'அட, நம்ம ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கே' என்று தோன்றும் தொடர்கள்தான் வம்பை இழுத்து வருகின்றன. அங்கே சந்தேகமே எழாது, யாரையும் கேட்கவும் மாட்டோம்.

'புல் சம்ஒன்ஸ் லெக்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் 'காலை வாருதல்' என்றால் கூட இருந்தே குழி பறிப்பது. ஆங்கிலத்தில் விளையாட்டுக்குப் பொய் சொல்லிக் கலாய்ப்பது மட்டும்தான் இதற்குப் பொருள். மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் போய் வேலை பார்க்கும் ஒருவர், சக ஊழியர் தன்னை மேலதிகாரியிடம் போட்டுக்கொடுத்ததைப் பற்றி 'ஹீ புல்ட் மை லெக்' என்று புகார் எழுதினால், படிக்கிறவர் சிரித்துவிட்டு அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். அவர் சொல்ல நினைத்ததற்கு ஆங்கிலத்தில் 'ஹீ ஸ்டாப்ட் மீ இன் த பேக்' என்று இருக்கிறது. முதுகில் குத்துவது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

தலையை வைத்து வருகிற குழப்பம் இன்னும் அதிகம். 'தலைக்கு மேல வேலை கிடக்கு' என்பது நம் அன்றாடப் பேச்சு. அதையே 'தி வொர்க் இஸ் ஓவர் மை ஹெட்' என்று மேலாளரிடம் சொன்னால், 'இந்த வேலை எனக்குப் புரியவில்லை, என் திறமைக்கு மிஞ்சியது' என்று அவர் எடுத்துக்கொள்வார். ஒரு பாடமோ நகைச்சுவையோ புரியாமல் போனால் 'இட் வென்ட் ஓவர் மை ஹெட்' என்பார்கள். சமாளிக்க முடியாத சிக்கலில் மாட்டிக்கொண்டால் 'ஐ ஆம் இன் ஓவர் மை ஹெட்'. நடுவில் ஓர் 'இன்' சேர்ந்ததும் பொருளே மாறிவிட்டது, கவனியுங்கள். வேலைதான் குவிந்து கிடக்கிறது என்றால் 'ஐ ஆம் அப் டு மை நெக் இன் வொர்க்' என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வேலை கழுத்தோடு நின்றுவிடுகிறது.

'தலையைத் தின்னாதே' என்பதை 'டோண்ட் ஈட் மை ஹெட்' என்று சொல்வது இந்தியா முழுக்கப் புழங்குகிறது, நம்மவர்களுக்குள் பேசும்போது குறையில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் அதற்கு ஒட்டி நினைவுபடுத்திக்கொள்ளக் கூடியது 'பைட் சம்ஒன்ஸ் ஹெட் ஆஃப்'. அதற்கு, சின்னக் கேள்வி கேட்டதற்கே எரிந்து விழுவது என்று பொருள். தொணதொணப்பவரைப் பற்றிச் சொல்ல நினைத்து, சிடுசிடுப்பவரைப் பற்றிச் சொன்னதாக முடியும்.

கையும் இப்படித்தான். 'கை நீட்டிவிட்டான்' என்றால் நமக்கு அடித்துவிட்டான், அல்லது லஞ்சம் வாங்கினான். 'எக்ஸ்டெண்ட் எ ஹேண்ட்' என்றாலோ உதவிக்கு வருவது, நட்புக்கு முன்வருவது. அடித்ததை 'ஹீ ரெய்ஸ்ட் ஹிஸ் ஹேண்ட் டு மீ' என்று சொல்லலாம், இல்லை நேராக 'ஹீ ஹிட் மீ' என்று முடித்துக்கொள்ளலாம். காவல் நிலையம், காப்பீடு, வேலையிடத்துப் புகார் என்று வரும்போது இரண்டாவதுதான் நல்லது. புகார் மனுவில் மரபுத்தொடருக்கு வேலையே இல்லை.

வயிற்றெரிச்சலை 'ஸ்டமக் பர்னிங்' என்று மொழிபெயர்த்தால், கேட்பவர் அமிலத்தன்மைக்கு மாத்திரை சொல்வார். 'ஹார்ட்பர்ன்' என்றாலும் அதே மாத்திரைதான். நம் பத்திரிகை ஆங்கிலத்தில் அது மனக்கசப்பைக் குறித்தாலும், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது நெஞ்சுக்கரிப்பு மட்டுமே. பொறாமையால் வரும் எரிச்சல் என்றால் 'கிரீன் வித் என்வி'. அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்து முளைவிட்டதைப் பார்த்து வருகிற வயிற்றெரிச்சல் வேறு. அதற்கு 'இட் பிரேக்ஸ் மை ஹார்ட்' ஒத்துவரும்.

இந்த வரிசையில் மிகவும் ஆபத்தானது 'கிவ் யூ எ பீஸ் ஆஃப் மை மைண்ட்'. என் மனதில் இருப்பதில் கொஞ்சம் உங்களோடு பகிர்கிறேன் என்று பணிவாகச் சொல்வதுபோல் தோன்றும். பொருளோ, 'உன்னை நாலு கேள்வி நறுக்கென்று கேட்காமல் விடமாட்டேன்' என்பது. கூட்டத்தில் கையைத் தூக்கி, 'சார், ஐ வாண்ட் டு கிவ் யூ எ பீஸ் ஆஃப் மை மைண்ட்' என்று ஆரம்பிப்பவர், வாயைத் திறக்கும் முன்னரே சண்டையைத் தொடங்கிவிட்டார். 'மே ஐ ஷேர் மை தாட்ஸ்' போதும். ஒலிப்பில் ஒத்துப்போகும் 'பீஸ் ஆஃப் மைண்ட்' என்பது மன நிம்மதி. அதன் முதல் சொல் வேறு எழுத்துக்கூட்டு கொண்டது. எழுதும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போடுபவர்கள் ஏராளம்.

வைக்கோல் விஷயத்தை டெல்டாக்காரர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் 'ஹே', 'ஸ்ட்ரா' இரண்டுக்குமே வைக்கோல் என்று எழுதிப் பழகியிருப்போம். இரண்டும் வேறு. 'ஸ்ட்ரா' என்பது கதிரடித்து நெல்லோ கோதுமையோ எடுத்தபின் மிஞ்சும் தாள். அறுவடை இயந்திரம் போனபின் வயலில் கிடப்பதும், பின்னால் வரும் இயந்திரம் உருளையாகச் சுருட்டிப் போடுவதும் இதுதான். 'ஹே' என்பது தீவனத்துக்கென்றே அறுத்து வெயிலில் காயவைத்த புல். நனைந்தால் பூசணம் பூத்துக் கெட்டுவிடும். 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்ற தொடரில் வெயில் வருவது அதனால்தான். நாம் களத்தில் நெல்லைத் தூற்றுகிறவர்கள், நமக்கு வேண்டியது காற்று. அதனால் நாம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறோம். கருத்து ஒன்றுதான், பாட்டை எழுதியது அவரவர் வானிலை.

'ஹே' வருகிற வேறு இரண்டு தொடர்கள்: 'ஹிட் த ஹே' என்றால் படுக்கப் போவது. 'எ நீடில் இன் எ ஹேஸ்டாக்' என்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவது. இரண்டிலும் பிழை வர வழியில்லை. 'எ டாக் இன் த மேஞ்சர்' என்பதற்கு நம்மிடம் வைக்கோற்போர் நாய் ஏற்கெனவே படுத்திருக்கிறது.

பிழை வருவது 'த லாஸ்ட் ஸ்ட்ரா' என்பதில். நீரில் மூழ்குகிறவன் துரும்பையும் பற்றுவான் என்பது நமக்கு ஊறிப்போன உவமை. அதனால் 'கடைசித் துரும்பு' என்றதும் 'கடைசி நம்பிக்கை' என்று மனம் தானாகவே பொருள் கொள்கிறது. 'யூ ஆர் மை லாஸ்ட் ஸ்ட்ரா, சார்' என்று உதவி கேட்டு எழுதுவது இப்படித்தான். ஆங்கிலத்தில் அந்தத் துரும்பு ஓர் ஒட்டகத்தின் முதுகில் இருக்கிறது. ஏற்ற மட்டும் ஏற்றியாயிற்று, இன்னும் ஒரே ஒரு துரும்பை வைத்ததும் முதுகு முறிந்துவிட்டது. எனவே பொறுமையை முறித்த கடைசிச் சம்பவத்துக்குத்தான் 'த லாஸ்ட் ஸ்ட்ரா'. உதவி கேட்டுப் போனவர், 'உங்களால்தான் எனக்குப் பொறுமை போயிற்று' என்று சொன்னதாக ஆகும். கேட்க வேண்டியது 'யூ ஆர் மை லாஸ்ட் ஹோப்'. மூழ்குகிறவனின் துரும்பும் ஆங்கிலத்தில் உண்டு. அது 'கிளட்ச் அட் ஸ்ட்ராஸ்', பன்மையில் வரும்.

சுற்றுலாப் பயணிகளிடம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. தாராசுரம் கோயிலில் இந்திரனின் வெள்ளை யானை ஐராவதம் வழிபட்டதால் சுவாமிக்கு ஐராவதேஸ்வரர் என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதையெல்லாம் அழகாகச் சொல்லிவிட்டு, 'திஸ் டெம்பிள் இஸ் எ ஒயிட் எலிஃபண்ட்' என்று முடித்தால் எல்லாம் போயிற்று. 'ஒயிட் எலிஃபண்ட்' என்றால் பராமரிப்புக்குப் பணத்தை விழுங்கிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாத பொருள். சயாம் மன்னர், பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்பித் தீனி போட்டே ஓட்டாண்டி ஆக்குவார் என்று இதற்கு ஒரு கதை சொல்வார்கள். யானையின் பெயரை ஐராவதம் என்றே சொல்லி, 'இந்திராஸ் எலிஃபண்ட்' என்று விளக்குங்கள்.

'ஃபேஸ் த மியூசிக்' என்பதும் இங்கே சங்கடமான தொடர்தான். செய்த தவறுக்கான விளைவை எதிர்கொள்வது என்று பொருள். திருவையாறு ஆராதனையில் முன்வரிசை கிடைத்தவருக்குச் சொல்லக் கூடாது.

இனி, பொருள் சரியாகத் தெரிந்தும் வடிவத்தில் சறுக்குவது. மரபுத்தொடரின் சொற்கள் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றை மாற்றினால் அந்நியமாக ஒலிக்கும். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிக எளிது. 'பீஸ் ஆஃப் எ கேக்' என்றாலோ நிஜமாகவே ஒரு துண்டு கேக். 'வாஷ் மை ஹேண்ட்ஸ் ஆஃப் இட்' என்பதில் வருவது ஓர் 'எஃப்' மட்டுமே உள்ள சொல். இரண்டு 'எஃப்' போட்டு எழுதுவது பரவலான பிழை. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதை 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ் ஆர் ரெயினிங்' என்று திருப்பிப் போட முடியாது. அந்தத் தொடரே பழசாகிவிட்டது என்பது வேறு விஷயம். ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்ல 'இட்ஸ் போரிங்' போதும், அதில் 'போ' நீண்டு ஒலிக்க வேண்டும். தமிழில் எழுதினால் சலிப்பைக் குறிக்கும் சொல்லோடு ஒன்றாகத் தெரியும், ஆங்கிலத்தில் முதல் எழுத்தும் அதன் ஒலியும் வேறு.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' இன்னும் நுணுக்கமானது. அத்தி பூத்தாற்போல என்று பொருள் எழுதிக்கொள்கிறோம், சரிதான். ஆனால் நாம் 'அத்தி பூத்தாப்ல இன்னிக்கு வந்திருக்கீங்களே' என்று ஒரு தடவை நடந்ததற்கும் சொல்வோம். ஆங்கிலத் தொடர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற கணக்கு. அதனால் 'ஹீ விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று வழக்கமாக நடப்பதைச் சொல்லும் வினையோடு வரும். 'டுடே யூ கேம் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று வராது. குறித்த கால இடைவெளி உள்ளதற்கும் பொருந்தாது. கும்பகோணம் மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2016க்குப் பிறகு 2028இல் என்று கணக்காக வருகிறது. அதற்கு 'ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்' என்பதே சரி.

அடுத்தது இடம், பொருள், ஆள். 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது என்று மனப்பாடம் செய்தவர், 'மை கிராண்ட்ஃபாதர் கிக்ட் த பக்கெட்' என்று விடுப்புக் கடிதம் எழுதினால், 'தாத்தா மண்டையைப் போட்டுட்டார்' என்று எழுதியதற்குச் சமம். துக்கத்துக்கு 'பாஸ்ட் அவே'. இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடலாம்: 'பாஸ்ட் அவுட்' என்பதை நாம் கல்லூரிப் படிப்பை முடித்ததற்குச் சொல்கிறோம், வெளிநாட்டில் அதற்கு மயங்கி விழுந்தார் என்று பொருள். தன்விவரக் குறிப்பில் 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள்.

நேர்முகத் தேர்வில் தவறாமல் வந்துவிடுவது 'பை ஹுக் ஆர் பை குரூக்'. தலைகீழாக நின்றாவது முடிப்பேன் என்ற வேகத்தில் சொல்வார்கள். நேர்வழியோ குறுக்குவழியோ, எப்படியாவது என்பதே அதன் தொனி. பணம் புழங்கும் வேலைக்கு, வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ போனவர் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் புருவத்தை உயர்த்துவார். 'ஐ வில் டூ மை பெஸ்ட்' சாதாரணமாகத் தோன்றலாம், அதில் வம்பில்லை.

'அண்டர் த வெதர்' என்றால் லேசான உடம்பு சரியில்லாமை. சளி, தலைவலிக்குச் சரி. டெங்குவில் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ஒத்துவராது. 'வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்', நடந்தது நடந்துவிட்டது, விட்டுவிடுவோம் என்பது. மனம் நொந்தவர் சொன்னால் பெருந்தன்மை. நோகடித்தவரே சொன்னால் திமிர்.

வெளிநாடு செல்ல ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிற செவிலியர்களும் மாணவர்களும் 7ஆம் பேண்டுக்கு, அதாவது 7 மதிப்பெண் நிலைக்கு, மரபுத்தொடர் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஐம்பது, நூறு என்று உருப்போடுகிறார்கள். பேச்சுத் தேர்வில் அந்த நிலைக்கு என்ன வேண்டும் என்று தேர்வு நடத்துபவர்கள் தந்திருக்கும் விளக்கத்தில் மரபுவழிச் சொற்கள் இடம்பெறுவது உண்மை. ஆனால் நடையும் சொற்சேர்க்கையும் அறிந்து பயன்படுத்துவது என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. சொல்வளம் நான்கு அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. மற்ற மூன்று சரளம், இலக்கணம், உச்சரிப்பு. ஒரு பதிலில் மூன்று தொடர்களைத் திணித்தால் சரளமும் சேர்ந்தே போய்விடும். எழுத்துத் தேர்வின் 250 சொல் கட்டுரைக்கு 'பீஸ் ஆஃப் கேக்' வகைப் பேச்சுத் தொடர்கள் ஆகாது.

மனப்பாடப் பட்டியல்தான் மேலே சொன்ன பிழைகளில் பாதிக்குக் காரணம். இடது பக்கம் தொடர், வலது பக்கம் தமிழ்ப் பொருள் என்று கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில், யார் யாரிடம் பேசியது என்பதற்கு இடமே இருக்காது. வாரத்துக்கு ஐந்து தொடர் போதும். ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். அதன் கீழே பேசுகிறவர், கேட்கிறவர் இருவரையும் குறியுங்கள். 'இன்', 'ஓவர்', 'அட்' போன்றவற்றில் எந்த முன்னிடைச்சொல் வருகிறது என்பதற்கு அடிக்கோடு இடுங்கள். உருவத்தில் ஒத்த தமிழ்த் தொடர் இருந்தால் எழுதி, பொருள் ஒன்றா வேறா என்று பக்கத்தில் போடுங்கள். வேறு என்று வருபவற்றைச் சிவப்பு மையில் எழுதி, வாரக் கடைசியில் அவற்றை மட்டும் திரும்பப் பாருங்கள்.

அகராதியில் தேடும்போது முதல் சொல்லில் தேடி ஏமாறுகிறார்கள். 'கிவ்', 'கெட்', 'மேக்' போன்ற சொற்களின் கீழ் பக்கம் பக்கமாக இருக்கும், கண் ஓய்ந்துவிடும். தொடரில் உள்ள முக்கியமான பெயர்ச்சொல்லில் தேடுங்கள்: 'பக்கெட்', 'ஸ்ட்ரா', 'லெக்'. கிடைத்ததும் பொருளுக்கு முன்னால் சாய்வெழுத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். 'இன்ஃபார்மல்' என்றிருந்தால் நண்பர்களிடம் மட்டும். 'ஓல்ட்-ஃபேஷன்ட்' என்றிருந்தால் படித்தால் புரிந்துகொள்ளலாம், பேச வேண்டாம். 'ஹ்யூமரஸ்' என்றிருந்தால் எதிரில் இருப்பவர் சிரிக்கக் கூடியவர்தானா என்று தெரிந்துகொண்ட பிறகு.