இப்போது குழந்தை யாரிடம்? கூட்டு வளர்ப்பு வாசிப்புக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை வளர்ப்பைப் பலர் பகிர்ந்துகொள்வது, இயற்கையோடு நமக்குள்ள உறவு, இரண்டையும் சேர்த்து வாசிக்க ஒரு குழு தொடங்குகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தோஷம் வந்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் கேட்டுவிடுவேன். கூட்டம் நடக்கும்போது உங்கள் குழந்தைகள் எங்கே இருப்பார்கள்?

பல குழுக்கள் இதை யோசிக்காமலேயே மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிடுகின்றன. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைக்கிற நேரம் அது. தாய்மார்கள் முதல் வாரம் வருவார்கள். இரண்டாம் வாரம் வர முடியவில்லை என்று செய்தி அனுப்புவார்கள். மூன்றாம் வாரம் செய்தியும் வராது. மிஞ்சுவது, குழந்தையை வேறொருவரிடம் விட்டுவிட்டு வர முடிந்தவர்கள் மட்டும். அந்த வேறொருவர் பாட்டியாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம், சம்பளத்துக்கு வருகிறவராக இருக்கலாம். நாம் வாசிப்பதே அவர்கள் செய்கிற வேலையைப் பற்றித்தான். அவர்கள் இல்லாமல் என்ன பேசப்போகிறோம்? பகலில் கூடுங்கள். குழந்தைகளோடு வரச் சொல்லுங்கள். பாட்டி தாத்தாக்களையும் கூப்பிடுங்கள். வாசிக்காமல் வந்தாலும் பரவாயில்லை.

சரி, குழந்தைகள் வந்துவிட்டார்கள். இங்கேதான் மிகப் பெரிய தவறு காத்திருக்கிறது. நாங்களே செய்த தவறு என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு குளக்கரை மரத்தடியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தோம். பெரியவர்கள் எட்டுப் பேர், சின்னப் பிள்ளைகள் மூன்று பேர். குழந்தைகளை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. நல்ல பேச்சுதான். அரை மணி நேரம் கழித்து, மனைவியை அழைத்துப்போக வந்த ஒருவர் திடீரென்று படித்துறைப் பக்கம் ஓடினார். மூன்று வயதுப் பையன் கீழ்ப்படியில் குந்தி, காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டு, அவை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரல் நனைந்திருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் எட்டுப் பேருக்கும் அன்று பேச்சே வரவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நம்பியிருந்தோம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இருபது நிமிடத்துக்கு ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு இருப்பார். முறை மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “இப்ப உங்ககிட்ட.” அடுத்தவர் “சரி, என்கிட்ட” என்று சொன்ன பிறகுதான் முந்தையவர் திரும்பி வரலாம். தலையாட்டினால் போதாது. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் இரண்டு பேர்.

இது வெறும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லை, பாடமே இதுதான் என்று பிறகுதான் புரிந்தது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அறிஞர் சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானியக் கிராமக் காடுகள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள் போன்றவற்றை ஆராய்ந்தவர். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். பொதுச் சொத்து நீண்ட காலம் நிலைத்த இடங்களில், யார் எவ்வளவு எடுக்கலாம், யார் கண்காணிப்பது என்பதற்கெல்லாம் அந்த மக்களே வகுத்த தெளிவான விதிகள் இருந்ததை அவர் காட்டினார். பொது என்றால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று அர்த்தமில்லை. வாய்க்காலுக்கும் அப்படித்தான், குழந்தைக்கும் அப்படித்தான். குழந்தை வளர்ப்புக்கு ஒரு மாதம், இயற்கைக்கு ஒரு மாதம் என்று பாடத்திட்டத்தைப் பிரிக்கிற குழுக்கள் இந்த இணைப்பைத் தவறவிடுகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

அடுத்தது, வேட்டையாடி உணவு சேகரித்து வாழும் மக்களைப் பற்றி வாசிக்கும்போது வருகிற மயக்கம். காங்கோவின் இதூரிக் காட்டில் எஃபே மக்களிடம் நடந்த ஆய்வில், நான்கு மாதக் குழந்தைகள் பாதி நேரத்துக்கு மேல் தாயல்லாத பிறரிடம் இருந்தது பதிவாகியிருக்கிறது. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே, பாட்டிகள் கிழங்கு தோண்டிக் கொண்டுவருவது பேரப்பிள்ளைகளின் வளர்ச்சிக்குத் துணையாக இருந்ததைக் மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க ஆசையாக இருக்கும். ஆனால் இத்தகைய சமூகங்களில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்தன என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். இஸ்ரேலில் கிப்புட்ஸ் எனப்படும், பலர் சேர்ந்து உழைத்து வாழும் கூட்டுக் குடியிருப்புகளையும் மறக்கக் கூடாது. அங்கே பிள்ளைகள் பெற்றோர் வீட்டில் தூங்காமல், பொதுவான குழந்தைகள் இல்லத்தில் தூங்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. 1990களின் இறுதிக்குள் அது முற்றிலும் கைவிடப்பட்டது. பகிர்ந்து வளர்ப்பது வேறு, பெற்றவர்களிடமிருந்து பிரித்து வளர்ப்பது வேறு. எஃபே குழந்தை பல கைகளுக்குப் போனாலும் தாயிடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

இதே வாசிப்பு தாய்மார்களைக் குத்துகிற முள்ளாகவும் மாறிவிடும். “அவங்க பாருங்க, குழந்தையைக் கீழேயே விடமாட்டாங்க” என்று ஒருவர் சொன்னால் போதும், எதிரே இருக்கிற இளம் தாயின் முகம் சுருங்கிவிடும். மானிடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டி 2009இல் வெளியிட்ட நூலில் சொன்னது இதற்கு நேர் எதிர். மனிதக் குழந்தை வளர்ந்து தன் காலில் நிற்க அவ்வளவு காலமும் உணவும் தேவை. தாய் ஒருத்தியால் மட்டும் அது ஒருபோதும் முடிந்திருக்காது என்பது அவர் வாதம். சிம்பன்சித் தாய் தன் குட்டியை முதல் சில மாதங்கள் பெரும்பாலும் பிறர் கையில் விடுவதில்லை. நாம் விடுகிறோம், அதனால்தான் இத்தனை பேராகப் பெருக முடிந்தது. களைத்துப்போன தாயைப் பார்த்து அவளிடம் என்ன குறை என்று தேடுவதை விட்டுவிட்டு, அவளைச் சுற்றி யார் இல்லை என்று கேளுங்கள்.

இயற்கைப் பக்கம் நடக்கும் தவறு வேறு மாதிரி. மரத்தடிக்குப் போனவுடன் பறவைப் பெயர், செடிப் பெயர் என்று ஒப்பிக்க வைப்பது. அல்லது இயற்கையை மாத்திரை மாதிரி நினைத்து, தினமும் இத்தனை மணி நேரம் என்று அளந்து கொடுப்பது. இயற்கையை விட்டு விலகி வளரும் பிள்ளைகளுக்கு வருவதாகச் சொல்லப்படும் பாதிப்புகளுக்கு ‘இயற்கைக் குறைபாட்டு நோய்’ என்ற சொல் பல புத்தகங்களில் வரும். அது கவனத்தை ஈர்க்க உருவான சொல், மருத்துவர்கள் ஏற்ற நோய்ப் பெயர் கிடையாது. அதை வைத்து எந்தக் குழந்தையையும் எடைபோட வேண்டாம்.

சின்னச் சின்ன விஷயங்கள்: ஒரு கூட்டத்துக்கு 20, 25 பக்கத்துக்கு மேல் வைக்காதீர்கள். அனுபவசாலிகள் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால், பக்க எண்ணைச் சொல்லி மெல்லப் புத்தகத்துக்குத் திருப்புங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கதை வேண்டாம். குழுவில் பேசியதும் எடுத்த படமும் வாட்ஸ்அப்பில் வெளியே போகக் கூடாது.

முதல் கூட்டத்துக்கு எதை வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1956இல் குழந்தைகளின் வியப்புணர்வு பற்றி எழுதிய கட்டுரையைத்தான் சொல்வேன். ஒரே அமர்வில் சத்தமாக வாசித்துவிடலாம். புயலடிக்கும் ஓர் இலையுதிர்கால இரவில், இருபது மாதக் குழந்தையைப் போர்வையில் சுற்றி, மழையிருட்டில் கடற்கரைக்குத் தூக்கிப்போவதில் அது தொடங்குகிறது. அந்தக் குழந்தை அவர் பெற்ற பிள்ளை இல்லை, அக்கா பேரன். கட்டுரை வெளிவந்த அடுத்த ஆண்டே குழந்தையின் தாய் இறந்துபோக, கார்சன் அவனைத் தத்தெடுத்து வளர்த்தார். இதைக் கட்டுரையை வாசித்து முடித்த பிறகு சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஒவ்வொருவரையும் தன்னைத் தூக்கி வளர்த்த, தாயல்லாத ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அந்தச் சுற்று முடிய இரண்டு கூட்டங்கள் ஆயின.