டப்பிங்கில் செத்துப்போகும் சிரிப்பு

காமெடிக் குறும்படம் எடுக்கும் புதியவர்கள் எடிட்டிங்குக்கு ஃபுட்டேஜ் கொண்டுவரும்போதெல்லாம் பார்க்கிறேன். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். ஃபோகஸ் போனது, பேட்டரி தீர்ந்தது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவற்றை முதல் படமே கற்றுக்கொடுத்துவிடும். நடிகர்கள் ஸ்பாட்டில் சொந்தமாகப் பேசி வளர்க்கும் நகைச்சுவைக்கென்றே சில தவறுகள் உண்டு.

"டப்பிங்ல பாத்துக்கலாம்"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஒரு குழு கொண்டுவந்த காட்சி இது. வாடகை வீடு தேடி வரும் பையனிடம் ஹவுஸ் ஓனர், "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்கிறார். பையன் ஃபேமிலி என்று பொய் சொல்ல வேண்டும். தாளில் இருந்தது அவ்வளவுதான். நடித்த பையன் "ஃபே..." என்று ஆரம்பித்து, ஓனரின் முறைப்பைப் பார்த்து, எச்சில் விழுங்கி, "...ச்சிலர்" என்று முடித்தான். முடிப்பதற்குள் ஓனர் "ம்?" என்று குறுக்கே விழுந்தார். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் கையில் இருந்தது கேமரா மைக்கில் பதிவான பைலட் டிராக் மட்டும், அதாவது டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டும் உதவும் ஒலி. அதில் ஃபேன் இரைச்சல், தெருவில் போன ஆட்டோ, கேமராவுக்குப் பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்த சத்தம்.

சில வாரம் கழித்து டப்பிங் தியேட்டரில் அந்தப் பையன் திரும்பத் திரும்ப முயன்றான். உதட்டசைவு பிசகவில்லை. ஆனால் என்ன சொல்லப்போகிறோம் என்று இப்போது அவனுக்குத் தெரியும், அன்று தெரியாது. ஓனராக நடித்தவர் வேறொரு நாள் தனியாக வந்து பேசியதால் அந்தக் குறுக்கீடும் உயிரில்லாமல் போனது. கடைசியில் காட்சியையே வெட்டினோம். ஒரு நாள் படப்பிடிப்பும் டப்பிங் கட்டணமும் வீண்.

தமிழ் சினிமா டப்பிங்குக்குப் பழகியதற்கு அன்று காரணம் இருந்தது. ஆரி 2சி மாதிரி ஃபிலிம் கேமராக்கள் ஓடும்போதே இரையும். இன்றைய மிரர்லெஸ் கேமராவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எழுதிய வசனத்தை டப்பிங்கில் மெருகேற்றலாம். ஸ்பாட்டில் பிறந்த வசனத்துக்கு உயிரே மூச்சும் இடைவெளியும்தான்.

லென்ஸ் வாடகையில் கொஞ்சம் குறைத்து, சவுண்ட் தெரிந்த ஒருவரைக் கூட்டிவாருங்கள். ஒவ்வொரு நடிகருக்கும் சட்டையில் குத்தும் தனி லேப்பல் மைக், தனி டிராக். மேலே கம்பில் பிடிக்கும் ஒரு பூம் மைக். சொந்தமாகப் பேசுகிறவர் எப்போது கத்துவார் என்று யாருக்கும் தெரியாது. மிக மெல்லிய சத்தம் முதல் மிகப் பெரிய சத்தம் வரை பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் கிடைத்தால், லெவல் எகிறினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது மறக்காமல் ஆன் செய்வீர்கள். கிளம்புவதற்கு முன் எல்லோரும் வாய் மூடி நிற்க, ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அறையின் வெறும் ஒலியை, எடுங்கள்.

ஒரே கேமரா

குளோசப்புக்காக "அதையே இன்னொரு தடவை சொல்லு" என்றால் கதை முடிந்தது. இரண்டாவது கேமரா எடுங்கள். முடியாவிட்டால் இருவரையும் ஒரே ஃபிரேமில் வையுங்கள். பாதிச் சிரிப்பு கேட்பவர் முகத்தில் இருக்கிறது.

தாளே இல்லாமல் போவது

2000-ல் அமெரிக்காவின் எச்பிஓ சேனலில் தொடங்கிய 'கர்ப் யுவர் என்துசியாசம்' தொடரில் நடிகர்கள் வசனத்தை ஸ்பாட்டில்தான் உருவாக்கினார்கள். ஆனால் காட்சிக்குக் காட்சி என்ன நடக்கிறது என்ற சுருக்கத்தை, தொடரை உருவாக்கி நடித்த லாரி டேவிட் முன்பே எழுதிவிடுவார். நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கு என்ன வேண்டும், காட்சி எங்கே முடிய வேண்டும் என்ற இரண்டும் தாளில் இருக்கட்டும். ஹவுஸ் ஓனர் காட்சி ஸ்பாட்டில் அப்படி எழும்பியதே, பொய் சொல்லியாக வேண்டும் என்ற ஒரு வரியால்தான்.

அவசரமாக கட் சொல்வது

வேண்டாம்.

எல்லோரும் ஜோக் அடிப்பது

ஒருவராவது நிஜமாகக் கோபப்படட்டும்.

குழுவுக்கே போட்டுக் காட்டுவது

ஸ்பாட்டில் இருந்தவர்கள் ஸ்பாட்டை நினைத்துச் சிரிப்பார்கள். முதல் எடிட்டை, கதையே தெரியாத நாலு பேருக்குப் போடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். யாராவது ஃபோனை எடுத்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் அங்கே வெட்டுங்கள்.