மேத்ஸ் டிகிரி படிக்கிறவங்க பண்ற தவறுகள்: ப்ரூஃப்ல இருந்து வேலை வரைக்கும்

ஸ்கூல்ல மேத்ஸ்ல ஃபுல் மார்க் வாங்கிட்டு, ஆசை ஆசையா மேத்ஸ் டிகிரில சேர்ந்து, முதல் வருஷமே "நமக்கு மேத்ஸ் வராதோ"ன்னு கலங்கிப் போறவங்க ரொம்ப பேர். நானும் கலங்கியிருக்கேன். வராததெல்லாம் காரணமே இல்லங்க, ஸ்கூல்ல படிச்ச அதே முறைய இங்கயும் கொண்டு வர்றதுதான் காரணம். அங்க கணக்கு குடுப்பாங்க, எந்த ஃபார்முலான்னு கண்டுபிடிச்சு போட்டா ஆன்சர் வந்துடும். இங்க ஆன்சர் கேள்விக்குள்ளயே இருக்கும், "இது உண்மைன்னு நிரூபி"ன்னுதான் கேப்பாங்க, அது ஏன் உண்மைன்னு சொல்றதுதான் நம்ம வேலை. இந்த மாற்றத்த லேட்டா புரிஞ்சுக்கிறதுல இருந்துதான் மத்த தவறுகள் பாதி வருது.

முதல் தவறு ப்ரூஃப மனப்பாடம் பண்றது. ரியல் அனாலிசிஸ் (கால்குலஸ நிரூபணத்தோட படிக்கிற பாடம்) முதல் டெஸ்ட்டுக்கு நான் எல்லா ப்ரூஃபையும் வரி மாறாம உருப்போட்டுட்டு போனேன். ஒரு க்ளோஸ்டு இன்டர்வல்ல (ரெண்டு முனையும் சேர்ந்த இடைவெளி) கன்டினியுவஸா, அதாவது கோடு உடையாம, இருக்கிற ஃபங்ஷனுக்கு கண்டிப்பா ஒரு மேக்ஸிமம் உண்டுங்கிற தியரம் வரும்னு தெரியும், ஆனா கேள்வில ஓப்பன் இன்டர்வல்னு (முனைகள் சேராதது) மாத்தி, உண்மையா பொய்யான்னு கேட்டிருந்தாங்க, நான் கவனிக்காம அதே ப்ரூஃப எழுதிட்டு வந்துட்டேன். 0-க்கும் 1-க்கும் நடுவுல 1/x எடுத்துப் பாத்தா போதும், 0 கிட்ட போகப் போக ஏறிக்கிட்டே இருக்கு, மேக்ஸிமமே கிடையாது. அன்னைக்குதான் உறைச்சுது, தியரத்துல இருக்கிற ஒவ்வொரு கண்டிஷனும் சும்மா இல்ல, ஒன்ன எடுத்துட்டா எங்க உடையுதுன்னு நாமளே ஒரு எடுத்துக்காட்டு தேடிப் பாத்தாதான் அந்த தியரம் நமக்கு சொந்தம்.

டெஃபனிஷன மேலோட்டமா படிச்சுட்டு தாண்டிப் போறதும் இதே வகை தவறுதான். இது மாணவங்க மட்டும் மாட்டுற இடம் இல்ல. கோஷிங்கிற பெரிய கணிதவியலாளரே, 1821-ல எழுதின புத்தகத்துல, கன்டினியுவஸ் ஃபங்ஷன்கள முடிவில்லாம கூட்டிட்டே போற சீரீஸ் கன்வெர்ஜ் ஆனா (ஒரு முடிவ நெருங்கினா) அதோட கூட்டுத்தொகையும் கன்டினியுவஸ்தான்னு சொல்லிட்டாரு. 1826-ல ஏபெல்ங்கிற இன்னொரு கணிதவியலாளர் அதுக்கு விதிவிலக்கு இருக்குன்னு காட்டினாரு. கூட்டாம வரிசையா வச்சுப் பாத்தாலும் இதே சிக்கல்தான், நம்மளே இப்ப பேப்பர்ல பாக்கலாம்: 0-ல இருந்து 1 வரைக்கும் x, x², x³னு வரிசையா வரைஞ்சுட்டே போங்க, ஒவ்வொன்னும் உடையாத கோடுதான், ஆனா கடைசில லிமிட் எடுத்தா 1-க்கு முன்னாடி எல்லாமே 0, 1-ல மட்டும் 1, அங்க படக்குன்னு உடைஞ்சிடுது. யூனிஃபார்ம் கன்வெர்ஜென்ஸ்னு (எல்லா புள்ளிலயும் ஒன்னுபோல லிமிட்ட நெருங்கணும்ங்கிறது) தனியா ஒரு டெஃபனிஷன் எதுக்குன்னு இப்ப புரியும். இந்தக் கதை தெரியாம டெஃபனிஷன படிச்சா வெறும் எப்சிலான் (ε) குறிகளோட கூட்டம்தான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது எல்லாரும் பண்றது, பத்து நிமிஷத்துல வரலைன்னா சொல்யூஷன திறந்துடுறது. படிக்கும்போது எல்லா வரியும் புரியும், "அட இவ்ளோதானா"ன்னு தோணும், அடுத்த நாள் வெள்ளைத்தாள் முன்னாடி உக்காந்தா கை நகராது. ஒரு கணக்கோட ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து ஒன்னும் கிடைக்கலைன்னாலும் அது வீண் இல்ல, எந்த வழி ஏன் மூடியிருக்குன்னு கத்துக்கிட்டீங்க. கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் 1993-ல ஃபெர்மாவோட கடைசி தேற்றத்த நிரூபிச்சதா அறிவிச்ச அப்புறம் ப்ரூஃப்ல ஒரு ஓட்டை தெரிஞ்சுது, அத அடைக்க 1994 செப்டம்பர் ஆயிடுச்சு, அதுவும் ரிச்சர்ட் டெய்லர் கூட சேர்ந்து உழைச்சு. அதனால மாட்டிக்கிட்டா வெக்கப்பட்டு ஒளியாதீங்க, ஃப்ரெண்டுகிட்ட வாய்விட்டு விளக்கிப் பாருங்க, விளக்கும்போதே எங்க ஓட்டைன்னு தெரிஞ்சிடும்.

பாடத்த சேத்து வைக்கிறது பத்தி நிறைய சொல்ல வேண்டாம், ரெண்டு வாரம் விட்டா மூணாவது வாரம் க்ளாஸ்ல பேசுற பாஷையே புரியாது, அவ்ளோதான்.

லீனியர் ஆல்ஜீப்ராவையும் ப்ராபபிலிட்டியையும் ஈஸி பேப்பர்னு ஒதுக்குறது எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற தவறு. வெளிய போனதும் முதல்ல கை குடுக்கிறது இந்த ரெண்டும்தான். 1998-ல கூகுள் ஆரம்பிச்சப்போ அதோட அடித்தளமா இருந்த பேஜ்ரேங்க் (வெப் பக்கங்கள முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துற முறை), சாராம்சத்துல ஒரு பெரிய மேட்ரிக்ஸோட ஐகன்வெக்டர் (மேட்ரிக்ஸால பெருக்கினாலும் அதே கோட்டுலயே இருக்கிற வெக்டர்) கண்டுபிடிக்கிற கணக்கு. நாம 3×3 மேட்ரிக்ஸ்ல எக்ஸாமுக்கு போடுறோமே, அதே விஷயம்.

அதே சமயம் "இதுக்கு என்ன யூஸ்"னு கேட்டு ப்யூர் மேத்ஸ வெறுக்கிறதும் தப்பு. தன்னோட கண்டுபிடிப்பு எதுவும் உலகத்துக்கு நடைமுறைல பயன்படலைன்னு கணிதவியலாளர் ஹார்டி 1940-ல எழுதினாரு, அவரோட முக்கியமான துறைகள்ல ஒன்னு எண் கோட்பாடு. 1977-ல ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூணு பேரும் எண் கோட்பாட்டுல வர்ற பகா எண்கள வச்சு, செய்திகள ரகசியமா அனுப்புற ஆர்எஸ்ஏ முறைய கொண்டு வந்தாங்க, இன்டர்நெட் பாதுகாப்புக்கே அது ஒரு தூணாச்சு.

இப்ப வேலை. இங்க நேர் எதிரெதிரா ரெண்டு தவறு நடக்குது. மேத்ஸ் படிச்சா டீச்சிங் மட்டும்தான்னு நினைக்கிறது ஒன்னு (டீச்சிங் அருமையான வேலை, ஆனா அது மட்டுமே இல்ல). மேத்ஸ் டிகிரி இருந்தாலே டேட்டா சயின்ஸ், ஃபைனான்ஸ்னு எல்லா கதவும் தானா திறக்கும்னு நினைக்கிறது இன்னொன்னு. இன்ஷூரன்ஸ்ல ஆக்சுவரி (ரிஸ்க்க கணக்குப் போடுறவங்க) ஆகணும்னா அதுக்குன்னு தொழில்முறை எக்ஸாம்கள் வரிசையா இருக்கு, முடிக்க வருஷக்கணக்கா ஆகும், ஆனா ப்ராபபிலிட்டி மாதிரி ஆரம்ப பேப்பர்கள டிகிரி படிக்கும்போதே எழுதலாம், இது தெரியாம டிகிரி முடிச்ச அப்புறம் ஆரம்பிக்கிறவங்க நிறைய. டேட்டா பக்கம் போகணும்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸும், ப்ரோக்ராம் எழுத பைத்தானும், டேட்டாபேஸ்ல இருந்து டேட்டா எடுக்க எஸ்க்யூஎல்லும் வேணும், தியரம் தெரியும்னு சொன்னா மட்டும் பத்தாது. ஜிம் சைமன்ஸ் மாதிரி ஜியோமெட்ரில ஆராய்ச்சி பண்ணிட்டு ஃபைனான்ஸ்ல சாதிச்சவங்கள பாத்து க்வான்ட் வேலைக்கு (ஃபைனான்ஸ்ல கணக்கு மாடல் போடுற வேலை) ஆசைப்படுறது நல்லதுதான், ஆனா அந்த வேலைகள்ல கணிசமானதுக்கு மேல்படிப்பு எதிர்பாப்பாங்க, இத முன்னாடியே கணக்குல வச்சுக்கங்க.

கோடிங் நமக்கு எதுக்குன்னு மூணு வருஷமும் தள்ளிப் போடாதீங்க. பெருசா எதுவும் வேண்டாம், க்ளாஸ்ல படிச்ச நியூட்டன் மெத்தட (ஒரு யூகத்துல ஆரம்பிச்சு சமன்பாட்டோட தீர்வ படிப்படியா நெருங்குற முறை) இருபது வரில எழுதி ஓடவிட்டு எந்த ஆரம்பப் புள்ளில அது தவறிப் போகுதுன்னு பாருங்க, பாடமும் புரியும், இன்டர்வியூல பேசவும் ஒரு விஷயம் கிடைக்கும்.

மாஸ்டர்ஸோ பிஎச்டியோ யோசனை இருக்கிறவங்களுக்கு ஒன்னு: பரிந்துரை கடிதம் கேக்கிற இடங்கள்ல, உங்க மார்க்க மட்டும் தெரிஞ்ச ப்ரொஃபசரால ரெண்டு வரிக்கு மேல எழுத முடியாது. ரெண்டாவது வருஷத்துலயே பிடிச்ச பாடம் எடுக்கிறவங்ககிட்ட போய், ஒரு சின்ன ரீடிங் ப்ராஜெக்ட் பண்ணட்டுமான்னு கேளுங்க. வாரத்துக்கு ஒரு தடவை போய் போர்டுல எழுதிக் காட்டுங்க. நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு பாத்தவங்களாலதான் அதப் பத்தி எழுத முடியும்.