'கொழும்பு'வில் சிக்கிய மானியத் தவணை

அறிக்கையின் கெச்சக்-256 ஹாஷ் (உரையின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பிளாக்செயின் சங்கிலியில் பதிந்த ஹாஷோடு பொருந்தினால்தான் எங்கள் எதீரியம் ஒப்பந்தம் (அந்தச் சங்கிலியில் தானாக இயங்கும் நிரல்) அடுத்த மானியத் தவணையை விடுவிக்கும். வெள்ளவத்தை, தெஹிவளை அமைப்புகளுக்குப் போன பணம், பெயரில் 'கொழும்பு' உள்ள அமைப்புகளுக்கு மட்டும் போகவில்லை.

பரிவர்த்தனைக்கான 'கேஸ்' கட்டணத்தைக் கூட்டினோம், டிஜிட்டல் பணப்பையான வாலட்டை மாற்றினோம். சரிவரவில்லை.

அப்புறம் பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஹாஷ் பொருந்தாத இரண்டு உரைகளிலும் திரையில் ஒரே 'கொ'தான். ஆனால் ஒன்றில் உயிர்க்குறி ஒற்றை யூனிகோடு குறியீடு, 3 பைட். மற்றதில் கொம்பும் (ெ) அரவும் (ா) தனித்தனி, 6 பைட். ஹாஷ் எப்படிப் பொருந்தும்? விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஹாஷ் எடுக்குமுன் உரையை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாக இணைக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றும் ஒரு வரியை நிரலில் சேர்த்தோம். சங்கிலியில் ஏறிய பழைய ஹாஷை அழிக்க முடியாது. புதியதை அடுத்த பதிவாக ஏற்றினோம். தவணை போய்ச் சேர்ந்தது. அப்பாடா!