குளிருக்கு முன் செடிகளை உள்ளே எடுக்கும்போது

இரவு வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்பே செம்பருத்தி, குரோட்டன்ஸ் போன்ற வெப்பமண்டலச் செடிகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். அதற்கு முன் இலைகளைத் திருப்பிப் பாருங்கள், பூச்சிகள் இருப்பது பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தெடுங்கள். மெல்லிய வலையும் இலையில் வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப்பேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும்.

மண்ணில் எறும்பு இருந்தால், தொட்டியை விளிம்பு வரை கால் மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். எறும்புகள் மேலே வந்துவிடும்.

எவ்வளவு கழுவினாலும் முட்டைகள் தப்பிவிடும். அதனால் 2, 3 வாரமாவது மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், என்னைக் கேட்டால் மிக முக்கியமானதும் இதுதான். வீட்டின் வறண்ட, கதகதப்பான காற்றில் சிலந்திப்பேன் மளமளவென்று பெருகும், வாரம் ஒருமுறை இலையடியைப் பார்த்துவிடுங்கள். தண்ணீரையும் குறையுங்கள். மேல்மண் ஈரமாகவே கிடந்தால் சிறு கொசுபோன்ற பூச்சிகள் அதில் முட்டையிடும்.